கிராஃபில் நிழல் போடுவதும் எல்லை வைப்பதும்: ஓர் எளிய விளக்கம்

நிரல் எழுதி கிராஃப் வரைகிற இடங்களில் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். "அந்தக் காலத்தை மட்டும் ஹைலைட் பண்ணு." "அந்த உச்சத்தைக் கட் பண்ணிடு." கேட்க ஒரு நிமிட வேலை மாதிரி இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் செய்தால், போட்ட நிழல் பாதி உயரத்தில் நின்றுவிடும், கோடு ஒரு மூலையில் போய் நசுங்கிக்கொள்ளும், சில மென்பொருள்களில் கணக்கே மாறிப்போகும். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. படம் பார்க்க நன்றாகவே இருக்கும். அது சொல்கிற எண் மட்டும் தப்பாக இருக்கும்.

பைத்தான் மொழியில் மேட்பிளாட்லிப் என்ற நூலகத்தைக் கொண்டு நான்கைந்து படமாவது வரைந்து பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆர் மொழியில் படம் வரைகிற நூலகமான ஜிஜிபிளாட்2 ஓரிடத்தில் அவசியமாக வரும். கட்டளைகளின் பெயரை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன்.

## ஒரு நிஜ கிராஃப்

அமெரிக்க மத்திய வங்கி அமைப்பில் உள்ள செயின்ட் லூயிஸ் வங்கி, ஃபிரெட் என்ற பெயரில் ஒரு பொருளாதாரத் தரவுத்தளத்தை நடத்துகிறது. அதில் எந்த கிராஃபைத் திறந்தாலும் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் செங்குத்துப் பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு பொருளாதார மந்தநிலை. எந்த மாதத்தில் மந்தம் தொடங்கியது, எந்த மாதத்தில் முடிந்தது என்பதை என்பிஇஆர் என்கிற ஆய்வு நிறுவனத்தின் குழு ஒன்று தீர்மானிக்கிறது. 2007 டிசம்பர் முதல் 2009 ஜூன் வரை ஒரு மந்தம். 2020 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இன்னொன்று.

அந்நாட்டின் வேலையின்மை விகிதத்தை இந்தப் பட்டைகளோடு சேர்த்துப் பாருங்கள். 2007 டிசம்பரில் 5.0%. மந்தம் முடிந்ததாகச் சொல்லப்படும் 2009 ஜூனில் 9.5%. ஆனால் கோடு அங்கே நிற்கவில்லை. பட்டையைத் தாண்டி மேலே ஏறி, 2009 அக்டோபரில் 10.0% தொட்டது. புள்ளிவிவரத்தில் மந்தம் முடிந்த பிறகும் நான்கு மாதம் வேலை போய்க்கொண்டுதான் இருந்தது. இதை வார்த்தையில் சொல்ல ஒரு பத்தி தேவைப்படுகிறது. சாம்பல் பட்டை இருந்தால் கண் தானே கண்டுபிடித்துவிடும். நிழலிடுவது அலங்காரம் இல்லை, அது ஒரு வாதம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

2007 ஜனவரி முதல் 2021 டிசம்பர் வரை, மாதம் ஒன்றாக 180 எண்கள். குறைந்தது 3.5, அதிகபட்சம் 2020 ஏப்ரலின் 14.8. இந்த ஒரே தரவைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டே மேலே போகலாம்.

## ஜன்னல், கோலம், ஸ்டிக்கர்

வீட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறீர்கள். தெரு நீளமானது, ஜன்னலில் தெரிவது அதில் ஒரு துண்டு. எதிர்வீட்டு வாசலில் ஒரு கோலம் போட்டிருக்கிறது. உங்கள் ஜன்னல் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இப்போது அந்த ஜன்னலை அப்படியே நான்கடி வலப்பக்கம் நகர்த்த முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலம் ஜன்னலில் வேறு இடத்தில் தெரியும், அல்லது பார்வையை விட்டே போய்விடும். ஸ்டிக்கர் கண்ணாடியோடு கூடவே வந்துவிடும். தெருவில் எதுவும் மாறவில்லை.

தெருதான் தரவு. ஜன்னலின் விளிம்புகள்தான் அச்சு எல்லை, அதாவது ஓர் அச்சு எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது என்பது. கோலத்தைப் போல, தரவின் எண்களோடு ஒட்டியிருக்கிற இடத்தைத் தரவு அளவு என்று சொல்வோம்: "2009 ஜூன்", "10 சதவீதம்" என்பவை தரவு அளவுகள். ஸ்டிக்கரைப் போல, படத்தின் சட்டத்தோடு ஒட்டியிருக்கிற இடம் சட்ட அளவு: 0 என்றால் கீழ் விளிம்பு, 1 என்றால் மேல் விளிம்பு, 0.5 என்றால் நட்டநடு. அங்கே என்ன எண் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அந்தச் சாம்பல் பட்டை இந்த இரண்டில் எது? இரண்டும்தான், ஆளுக்குப் பாதி. இடம் வலமாக அது கோலம்: 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்தாக வேண்டும், நீங்கள் எந்த ஆண்டுகளைப் பார்த்தாலும் சரி. மேல் கீழாக அது ஸ்டிக்கர்: ஒய் அச்சு 0 முதல் 20 வரை போனாலும், 3 முதல் 11 வரை போனாலும், பட்டை விளிம்பிலிருந்து விளிம்பு வரை இருக்க வேண்டும். நிழலிடுவதில் வருகிற குழப்பங்களில் பெரும்பகுதி இந்தக் கலப்பைக் கவனிக்காததால் வருகிறது.

சுருக்கமாக: எல்லை என்பது எவ்வளவு தெரிகிறது என்ற கேள்வி. நிழல் என்பது எங்கே வண்ணம், அது எதோடு ஒட்டியிருக்கிறது என்ற கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டால் போதும்.

## எல்லை தானாக எப்படி அமைகிறது

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மேட்பிளாட்லிப் தானாகவே எல்லையைக் கணக்கிடும். இதற்குத் தானியங்கி எல்லை என்று பெயர் வைப்போம். தரவின் சின்ன எண்ணையும் பெரிய எண்ணையும் எடுத்து, இடையில் உள்ள தூரத்தில் 5 சதவீதத்தை இரு பக்கமும் சேர்த்துக்கொள்ளும். நம் தரவில் 14.8 கழித்தல் 3.5, அதாவது 11.3. அதில் 5 சதவீதம் 0.565. ஆகவே ஒய் அச்சு 2.935 இல் தொடங்கி 15.365 இல் முடியும். 2017 இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இதுதான் வழக்கம்.

நீங்களாக எல்லை வைக்க செட்_எக்ஸ்லிம், செட்_ஒய்லிம் என்று இரண்டு கட்டளைகள். மேட்பிளாட்லிப்பைத் தொடங்கிய ஜான் ஹன்டர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின் அலைகளைப் பார்ப்பதற்காகவே இந்தக் கருவியை எழுதினார். அப்போது அறிவியல் உலகில் புழங்கிய மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் கட்டளைகளின் சாயலில் அமைத்தார். எக்ஸ்லிம், ஒய்லிம் என்ற பெயர்கள் இரண்டிலும் ஒன்றாக இருப்பது அதனால்தான். அவர் 2012 இல் காலமானார்.

இந்தக் கட்டளைகளில் பலருக்கும் தெரியாத ஒரு குணம் உண்டு. ஓர் அச்சுக்கு நீங்கள் எல்லை வைத்த உடனே அந்த அச்சின் தானியங்கி எல்லை அணைந்துவிடும். பிறகு எத்தனை கோடு வரைந்தாலும் அந்த எல்லை நகராது.

இதிலிருந்து வருகிற ஒரு விபரீதத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். "ஒய் அச்சு 0 இல் தொடங்கட்டும், மேலே எவ்வளவு வேண்டுமோ அது பார்த்துக்கொள்ளட்டும்" என்று நினைத்து, நிரலின் முதல் வரியிலேயே செட்_ஒய்லிம் கட்டளையில் கீழ் எல்லைக்கு மட்டும் 0 கொடுக்கிறீர்கள். அப்புறம் வேலையின்மைக் கோட்டை வரைகிறீர்கள். படம் வெறுமையாக வரும். ஒரு புள்ளிகூட இல்லை. ஏன்? எதுவும் வரையாத வெற்றுப் படத்தின் எல்லை 0 முதல் 1 வரை. கீழ் எல்லையை நீங்கள் தொட்டதும் தானியங்கி அணைந்துவிட்டது. மேல் எல்லை 1 என்றே உறைந்துவிட்டது. உங்கள் எண்களோ 3.5 இல்தான் தொடங்குகின்றன. கோடு இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. அதே வரியைக் கோடு வரைந்த பிறகு போட்டால் எல்லாம் சரியாக வரும். எல்லைக் கட்டளையை நிரலின் கடைசியில் வைக்கிற பழக்கம் இந்த வகைச் சிக்கல்களில் நிறையவற்றை வரவிடாமலே தடுத்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எக்ஸ் அச்சை மட்டும் 2007 முதல் 2011 வரை என்று குறுக்குகிறீர்கள். அந்தக் காலத்தில் உச்சம் 10.0 தான். ஆனால் ஒய் அச்சு இன்னும் 15.4 வரை நீண்டிருக்கும், ஏனென்றால் அது முழுத் தரவையும் பார்த்துக் கணக்கிட்டது. நீங்கள் மறைத்த 2020 ஐயும் சேர்த்து. கோடு படத்தின் பாதி உயரத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடும், மேலே வெற்றிடம். ஒய் எல்லையையும் நீங்களே வையுங்கள், அல்லது வரைவதற்கு முன்பே தரவிலிருந்து அந்த ஐந்து ஆண்டுகளை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லையைத் தலைகீழாகவும் வைக்கலாம். முதலில் பெரிய எண், அடுத்து சின்ன எண் என்று கொடுத்தால் அச்சு திரும்பிக்கொள்ளும். கடல் ஆழம் வரைகிறவர்களுக்கு இது அன்றாட வேலை: 0 மீட்டர் மேலே, 4000 மீட்டர் கீழே. வானியலில் விண்மீன்களின் ஒளியளவு எண் குறையக் குறைய ஒளி அதிகம் என்பதால் அவர்களும் ஒய் அச்சைத் திருப்பித்தான் போடுகிறார்கள்.

சுருக்கமாக: தானியங்கி எல்லை முழுத் தரவையும் பார்க்கிறது. நீங்கள் கை வைத்த அச்சில் அது நின்றுவிடுகிறது. அடுத்த அச்சு உங்களுக்காகத் தன்னைத் திருத்திக்கொள்வதில்லை.

## எல்லை வைத்தால் தரவு வெட்டப்படுமா

மேட்பிளாட்லிப்பில் வெட்டப்படாது. ஜன்னலைச் சின்னதாக்கினால் தெருவில் உள்ள வீடுகள் இடிந்துவிடாது அல்லவா. எல்லையை மறுபடி விரித்தால் எல்லாப் புள்ளியும் அப்படியே இருக்கும். நீங்கள் வரைந்த சராசரிக் கோடு, பெட்டிப் படம் (எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை ஒரு பெட்டியாகக் காட்டும் படம்) எதுவும் மாறாது.

ஜிஜிபிளாட்2 வேறு மாதிரி. அங்கே எல்லை வைக்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன. ஒய்லிம் என்ற சுருக்கக் கட்டளையோ அளவுகோலுக்குள் எல்லை கொடுப்பதோ, எல்லைக்கு வெளியே உள்ள எண்களை முதலில் "இல்லை" என்று ஆக்கிவிட்டு, மிச்சத்தை வைத்துத்தான் கணக்கே போடும். கோஆர்ட்_கார்ட்டீசியன் என்ற கட்டளைக்குள் எல்லை கொடுத்தால், எல்லாக் கணக்கும் முழுத் தரவில் முடிந்த பிறகு பார்வையை மட்டும் குறுக்கும்.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எண்ணிலேயே பாருங்கள். 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரை அமெரிக்க வேலையின்மை: 3.5, 4.4, 14.8, 13.2, 11.0. இந்த ஐந்தையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவது 11.0. நடுவில் வருகிற எண்ணை இடைநிலை என்கிறோம். பெட்டிப் படத்தில் பெட்டிக்குள் ஓடுகிற கோடு இதுதான். இப்போது "படம் 12 க்குள் அடங்கட்டும்" என்று ஒய்லிம் மூலம் 0 முதல் 12 வரை வைக்கிறீர்கள். 14.8 உம் 13.2 உம் போய்விட்டன. மிச்சம் 3.5, 4.4, 11.0. இடைநிலை இப்போது 4.4! பாதிக்கும் கீழே சரிந்துவிட்டது. ஒரு பெருந்துயரம் நடந்த ஐந்து மாதங்கள், எல்லை ஒன்றை மாற்றியதால், கிட்டத்தட்ட சாதாரண மாதங்களாகத் தெரிகின்றன.

மென்பொருள் இதைச் சொல்லாமல் செய்வதில்லை. இத்தனை வரிகள் நீக்கப்பட்டன என்று ஓர் எச்சரிக்கை வரும். அதை அலட்சியமாகத் தாண்டிப்போவதுதான் நம் பழக்கம். ஆர் மொழியில் வேலை செய்கிறவர்கள் அந்த எச்சரிக்கையைக் கண்டால் அங்கேயே நின்று, எந்த வழியில் எல்லை வைத்தோம் என்று பார்க்க வேண்டும். உருப்பெருக்கிப் பார்க்கத்தான் விரும்பினோம் என்றால் கோஆர்ட்_கார்ட்டீசியன்தான் சரி. சில எண்களைக் கணக்கிலிருந்தே எடுக்க வேண்டும் என்றால், அதை எல்லையின் பின்னால் ஒளிக்காமல், வடிகட்டுகிற வரியாக நிரலில் வெளிப்படையாக எழுதுங்கள். பின்னால் படிக்கிறவருக்கு அது தெரிய வேண்டும்.

## நிழலின் மூன்று வகை

முதல் வகை செங்குத்துப் பட்டை. மேட்பிளாட்லிப்பில் ஆக்ஸ்_வி_ஸ்பான். தொடங்கும் இடம், முடியும் இடம் இரண்டையும் எக்ஸ் அச்சின் தரவு அளவில் கொடுக்கிறீர்கள். உயரத்தை அது சட்ட அளவில் 0 முதல் 1 வரை தானே எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன பாதிக் கோலம், பாதி ஸ்டிக்கர் கலப்பு இந்தக் கட்டளைக்குள்ளேயே இருக்கிறது.

இதை அறியாதவர்கள் சுற்று வழியில் போவார்கள். அந்த நேரத்து ஒய் எல்லையைக் கேட்டு வாங்கி, அந்த உயரத்துக்கு ஒரு செவ்வகம் வரைந்துவிடுவார்கள். அப்போதைக்குச் சரியாகவே தெரியும். அப்புறம் இன்னொரு கோடு சேர்க்கிறார்கள். ஒய் அச்சு நீள்கிறது. செவ்வகம் பழைய உயரத்திலேயே நிற்கிறது. மேலே ஒரு வெள்ளை இடைவெளி. மொத்த உயரத்தையும் கோலமாகப் போட்டதால் வந்த வினை. மற்ற மென்பொருள்களிலும் இதற்கு நேர்வழி இருக்கிறது. ஜிஜிபிளாட்2 இல் செவ்வகத்தின் கீழ் எல்லைக்கு எதிர்ம முடிவிலி, மேல் எல்லைக்கு முடிவிலி என்று கொடுக்கிறார்கள். பிளாட்லியில் ஆட்_விரெக்ட். மேட்லேப்பில் 2023 இன் முதல் வெளியீட்டிலிருந்து எக்ஸ்ரீஜன். க்னூபிளாட்டில் உயரத்துக்கு எண் கொடுக்காமல் "கிராஃப் 0", "கிராஃப் 1" என்று எழுதினால் சட்ட அளவாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது வகை கிடைமட்டப் பட்டை, ஆக்ஸ்_ஹெச்_ஸ்பான். முதல் வகையைப் படுக்கப்போட்டால் இது. சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்கிற தொடர் குளுக்கோஸ் கருவியின் அறிக்கையில் 70 முதல் 180 வரை ஒரு பட்டை வருமே, அது இந்த வகை. கோடு பட்டைக்குள் இருந்த நேரம் நல்ல நேரம் என்று பார்த்த உடனே தெரிகிறது.

மூன்றாவது வகைதான் உண்மையில் வளமானது: இரண்டு கோடுகளுக்கு நடுவே நிரப்புவது. கட்டளை ஃபில்_பிட்வீன். இது முழுக்க முழுக்கக் கோலம். எல்லாமே தரவு அளவில். ஒரு மதிப்பீட்டின் கீழ் வரம்பையும் மேல் வரம்பையும் கொடுத்து நடுவே வெளிர் நிறம் பூசுவதை ஆய்வுக் கட்டுரைகளில் பார்த்திருப்பீர்கள்.

இதில் இரண்டாவது கோட்டைக் கொடுக்காமல் விட்டால், அது 0 என்று எடுத்துக்கொள்ளப்படும். அதாவது கோட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே நிரப்பும். காய்ச்சல்காரரின் உடல் வெப்பம் 98 இலிருந்து 103 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போய் வந்ததை வரைந்து, அழகுக்காகக் கீழே நிறம் நிரப்பினால், தானியங்கி எல்லை அந்தப் பூஜ்யத்தையும் தரவு என்று நினைத்து அச்சைக் கீழே இழுத்துவிடும். ஐந்து டிகிரி ஏற்ற இறக்கம் நூறு டிகிரி உயரத்தின் உச்சியில் மெல்லிய நெளிவாகிவிடும். காய்ச்சலே தெரியாது.

உடனே தோன்றுகிற தீர்வு, கீழ் எல்லையை 97 என்று வைத்துவிடுவது. இங்கேதான் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பேன். வெறும் கோடு என்றால் பூஜ்யத்தில் தொடங்க வேண்டிய கட்டாயமில்லை. கண் அங்கே சரிவைத்தான் படிக்கிறது. நிறம் நிரப்பிய பரப்பு என்று வந்துவிட்டால் கண் அளவைப் படிக்கிறது. 97 இல் வெட்டப்பட்ட பரப்பில் 103 என்பது 98 ஐப் போல ஆறு மடங்கு உயரமாகத் தெரியும். அதனால் காய்ச்சல் படத்துக்கு நிரப்பலை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் வையுங்கள். இயல்பு வெப்பத்தைக் காட்ட வேண்டுமானால் ஒரு கிடைமட்டப் பட்டை போடுங்கள். பூஜ்யத்துக்கு உண்மையான பொருள் இருக்கிற இடத்தில், மழையளவு மாதிரி, தாராளமாகக் கீழே நிரப்பலாம்.

## பூஜ்யத்துக்கு மேல் சிவப்பு, கீழே நீலம்

நாசா வெளியிடுகிற உலக வெப்பநிலைத் தரவு 1951 முதல் 1980 வரையிலான சராசரியை 0 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் அதைவிட எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று சொல்கிறது. மேலே போனால் சிவப்பு, கீழே போனால் நீலம் என்று நிரப்புவது பலரும் முதலில் செய்து பார்க்கிற படம். ஃபில்_பிட்வீன் கட்டளையில் வேர் (ஆங்கிலத்தில் where, "எங்கே") என்ற ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு நிபந்தனை கொடுத்தால், நிபந்தனை உண்மையாகும் இடங்களில் மட்டும் நிறம் வரும்.

செய்து பார்த்தால் கோடு பூஜ்யத்தைக் கடக்கிற இடங்களில் எல்லாம் சின்னச் சின்ன வெள்ளை ஆப்புகள் தெரியும். காரணம் இதுதான். ஓர் ஆண்டு −0.1, அடுத்த ஆண்டு 0.2 என்று வைத்துக்கொள்வோம். கட்டளை ஆண்டுகளைத்தான் பார்க்கிறது. அவற்றின் நடுவே உள்ள கோட்டைப் பார்ப்பதில்லை. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளும் நிபந்தனைக்குள் இருந்தால் மட்டுமே நடுவே நிரப்பும். இங்கே ஒன்று நீலத்துக்குச் சொந்தம், ஒன்று சிவப்புக்கு. நடுத்துண்டை இருவரும் எடுத்துக்கொள்வதில்லை. இன்டர்போலேட் என்ற தேர்வை உண்மை என்று வைத்தால், கோடு பூஜ்யத்தை எங்கே வெட்டுகிறது என்று கணக்கிட்டு (இங்கே மூன்றில் ஒரு பங்கு தூரத்தில்) இரு நிறத்தையும் அந்த இடம் வரை கொண்டுவந்து சேர்த்துவிடும். இதே காரணத்தால், சில்லென்ற ஆண்டுகளுக்கு நடுவே தன்னந்தனியாக ஒரே ஒரு வெப்பமான ஆண்டு வந்தால், இந்தத் தேர்வு இல்லாதபோது அதற்குச் சிவப்பே வராது. அது அழகுக் குறைவு மட்டுமில்லை, தகவல் இழப்பு.

## எவ்வளவு அடர்த்தி, யார் மேலே

நிழல் கோட்டை மறைக்கக் கூடாது. அதற்காக ஆல்ஃபா என்று ஓர் எண் கொடுக்கிறோம்: 0 என்றால் கண்ணுக்கே தெரியாது, 1 என்றால் முழு அடர்த்தி. பட்டைகளுக்கு 0.2, 0.3 போதும்.

ஒன்றன் மேல் ஒன்று விழும்போது அடர்த்தி கூடும். 0.3 உள்ள இரண்டு பட்டைகள் சேரும் இடத்தில் 0.51. இரண்டு காலங்கள் உண்மையிலேயே ஒன்றோடொன்று கலந்தால் இது நல்லதுதான். நினைக்காமல் நடந்தால் தொல்லை. ஜிஜிபிளாட்2 இல் தரவு அட்டவணையோடு சேர்த்து, செவ்வகம் வரைகிற ஜியோம்_ரெக்ட் கட்டளையைப் போடுகிறவர்களுக்கு, ஆல்ஃபா 0.2 என்று எழுதியும் பட்டை கரேலென்று வரும். அட்டவணையில் உள்ள 180 வரிகளுக்கும் ஒவ்வொன்றாக 180 செவ்வகங்களை அது ஒரே இடத்தில் அடுக்கியிருக்கும். பத்து அடுக்கிலேயே அடர்த்தி 0.89 ஆகிவிடும். அனோடேட் கட்டளையால் ஒரே ஒரு செவ்வகம் வரையுங்கள், அல்லது மந்தத் தேதிகளுக்கென்று தனியாக ஒரு சின்ன அட்டவணை வையுங்கள்.

எது மேலே, எது கீழே என்பதை மேட்பிளாட்லிப் இசட்_ஆர்டர் என்ற எண்ணால் முடிவு செய்கிறது. பட்டைகளுக்கு 1, கோடுகளுக்கு 2, எழுத்துகளுக்கு 3. ஆகவே கோடு எப்போதும் பட்டைக்கு மேலேதான், எந்த வரிசையில் எழுதினாலும். புள்ளிப் படத்தில் மட்டும் கதை வேறு. ஸ்கேட்டர் கட்டளையின் புள்ளிகளுக்கும் 1 தான். சமமாக இருந்தால் பின்னால் வரைந்தது மேலே ஏறும். புள்ளிகளை வைத்துவிட்டு அப்புறம் பட்டை போட்டால், புள்ளிகள் மங்கலாகித் தெரியும். பட்டைக்கு இசட்_ஆர்டர் 0 என்று கொடுத்துவிட்டால் கவலை விட்டது.

சுருக்கமாக: செங்குத்துக்கும் கிடைமட்டத்துக்கும் அதற்கென்று உள்ள கட்டளைகளைப் பயன்படுத்துங்கள். ஃபில்_பிட்வீன் பூஜ்யத்தை இழுத்துவரும் என்பதை நினைவில் வையுங்கள். அடர்த்தி குறைவாக, அடுக்கு கீழாக.

## நிழலும் எல்லையும் ஒன்றையொன்று இழுக்கும்போது

இவை தனித்தனிக் கேள்விகள் என்று சொன்னேன். ஆனாலும் ஒன்று மற்றொன்றைத் தொடுகிற இடங்கள் உண்டு. செங்குத்துப் பட்டையின் இடது வலது விளிம்புகள் தரவு அளவில் இருப்பதால், தானியங்கி எல்லை அவற்றையும் கணக்கில் எடுக்கும். தரவு 2021 இல் முடிகிறது, நீங்கள் "வருங்காலம்" என்று 2030 வரை நிழல் போடுகிறீர்கள் என்றால் எக்ஸ் அச்சு 2030 ஐயும் தாண்டி நீளும்.

இதன் கடுமையான வடிவம் தேதிகளில் வருகிறது. எக்ஸ் அச்சுக்கு மாதங்களைக் கொடுக்காமல் 0 முதல் 179 வரை வெறும் வரிசை எண்களைக் கொடுத்துக் கோடு வரைந்திருக்கிறீர்கள். பட்டையை மட்டும் 2007 டிசம்பர் 1 என்று உண்மையான தேதியில் கொடுக்கிறீர்கள். மேட்பிளாட்லிப் தேதியை 1970 ஜனவரி 1 இலிருந்து எத்தனையாவது நாள் என்றுதான் உள்ளே வைத்துக்கொள்கிறது. 2007 டிசம்பர் 1 அதற்கு 13848. உங்கள் கோடு 0 இலிருந்து 179 வரை. ஆகவே கோடு 1970 இன் முதல் ஆறு மாதத்தில் இடது ஓரமாக ஒடுங்கிக் கிடக்கும், பட்டை தொலைதூரத்தில் வலது ஓரத்தில் நிற்கும். அச்சில் 1970 என்று எழுதியிருப்பதைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம்: கோடு ஒரு மொழியிலும் பட்டை இன்னொரு மொழியிலும் பேசுகின்றன. கோட்டுக்கும் தேதியையே கொடுங்கள்.

கடைசியாக 2020 மந்தத்துக்கு வருவோம். என்பிஇஆர் 1854 இலிருந்து குறித்து வைத்திருக்கிற மந்தங்களிலேயே மிகக் குறுகியது அது, இரண்டே மாதம். பதினைந்து ஆண்டு கிராஃபில் இரு பக்க இடைவெளியையும் சேர்த்தால் அது அகலத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. 15 சென்டிமீட்டர் அகலப் படத்தில் ஒன்றரை மில்லிமீட்டர். வெளிர் சாம்பலில் அந்தக் கீற்று கண்ணுக்கே படாது, வேலையின்மை 14.8 க்குப் பாய்ந்த ஏற்றக்கோடும் அதன் மேலேயே செங்குத்தாக நின்று மறைத்துவிடும். பட்டையைச் செயற்கையாக அகலமாக்கினால் தேதி பொய்யாகிவிடும். நிறத்தை மட்டும் அடர்த்தியாக்கினால் 2008 மந்தத்தைவிட இது பெரிது என்று ஒரு தவறான குறிப்பு போய்ச் சேரும். நான் செய்வது, பக்கத்திலேயே இரண்டாவது படம் ஒன்று: எக்ஸ் எல்லை 2019 ஜனவரி முதல் 2021 டிசம்பர் வரை, ஒய் எல்லை முதல் படத்தில் உள்ள அதேதான். சப்பிளாட்ஸ் கட்டளையில் ஷேர்_ஒய் என்பதை உண்மை என்று வைத்தால் இரண்டு படமும் ஒரே ஒய் அளவைப் பகிர்ந்துகொள்ளும், உயரங்களை நேராக ஒப்பிடலாம். இரண்டிலும் பட்டைக்கு ஒரே நிறம், ஒரே ஆல்ஃபா. எந்தப் படம் எத்தனை ஆண்டுகளைக் காட்டுகிறது என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.